ஏழாவது நகல்

அந்த நாட்டுத் தூதரை நம் அரசாங்கம் வெளியேற்றிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன சாயங்காலம், சின்னவனே, நீ சோபா மேல் ஏறி நின்று கை தட்டினாய். "சூப்பர்! ஓட வுட்டாங்க பாருப்பா!" என்றாய். நான் உன்னை அறைந்தேன். அதற்கு முன்பும் அடித்ததில்லை, பின்பும் அடிக்கவில்லை. பெரியவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். உங்கள் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "புள்ள இன்னா பண்ணான்னு அட்ச்சீங்க?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அந்த அறைக்கான காரணத்தை இதில் எழுதுகிறேன். சித்தப்பா உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார் என்று உங்களிடம் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி என்னைச் சேர்ந்தது.

நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். நாடுகளுக்குள் நடப்பதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது என் தம்பி விஷயத்தில் நடந்தது மட்டும். அந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வீர்கள், என்னை விட்டுவிடுவீர்கள். அவனை அவன் என்றே எழுதுகிறேன். உங்களுக்குத்தான் சித்தப்பா, எனக்கு அவன் தம்பி.

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நான் தொழிற்சாலையில் நிரந்தரமான வருடம் அவன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவனையும் ஃபிட்டர் படிக்க வைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு கம்பெனி மாறினான், எதுவும் நிலைக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் ஒரு இழுவைப் படகில் இன்ஜின் வேலை கிடைத்தது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சின்னப் படகு. கப்பலில் வேலை என்று ஊரில் எல்லோரிடமும் நான் சொன்னபோது அவன் சிரித்தான். "கப்பல் இல்ல அண்ணாத்தே, கப்பலுக்கு ஆட்டோ" என்றான்.

அந்தப் படகில் ஒருநாள் இன்ஜின் நின்றுபோனது. காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் கடலில் அந்த நாட்டின் எல்லைக்குள் விட்டுவிட்டது. நமக்கும் அந்த நாட்டுக்கும் ஆகாது. படகில் இருந்த நம் ஆட்கள் எல்லோரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் உங்கள் சித்தி பதினான்கு முறை கூப்பிட்டிருந்தாள். திருநின்றவூர் வாடகை வீட்டிலிருந்து பேசினாள்.

"மாமா, அவரப் புட்ச்சிட்டாங்களாம் மாமா. படகு அந்தாண்ட போயிட்ச்சாம். ஏஜெண்ட்டு சொல்லிட்டு போன வெச்சிட்டான். திருப்பி எடுக்க மாட்டேங்கறான்."

"அழாத. நான் வரேன். பாப்பா எங்க?"

"ஸ்கூலு வுட்டு வந்துட்டா. அப்பா எப்ப போன் பண்ணும்னு கேட்டுக்கினு கீறா."

மறுநாள் நானும் சித்தியும் மின்சார ரயிலில் நகரத்துக்குப் போய் வெளியுறவுத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்தோம். பெரிய மனிதர் ஒருவர் கத்தப் போகிறார் என்று பயந்துகொண்டு போனேன். வந்தது ஒரு சின்ன வயது அம்மா. முப்பது இருந்தால் அதிகம். சித்திக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். படகின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"இந்த மாதிரி கேஸ் புதுசு இல்லம்மா" என்றார். "அவங்க மீனவங்க சில பேர் நம்ம ஜெயில்ல இருக்காங்க. நம்ம ஆளுங்க அங்க இருக்காங்க. யார் யார் இருக்காங்கன்னு ரெண்டு பேரும் பட்டியல் குடுத்துப்போம். நம்ம தூதரகத்துல இருந்து ஒருத்தர் ஜெயிலுக்குப் போய் அவரப் பார்ப்பார். அதுக்கு அனுமதி கேட்டாச்சு."

"அப்ப இங்க இருக்கறவங்கள அனுப்பிட்டு அவர வாங்கிக்கலாம் இல்ல மேடம்?" என்று சித்தி கேட்டாள். "சட்டுனு முடியும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அதுக்கு நேரம் பார்க்கணும்மா. கொஞ்ச மாசத்துல ரெண்டு நாட்டு மந்திரிங்களும் வேற ஒரு ஊர்ல மாநாட்டுக்கு வராங்க. அந்த மாதிரி சந்திப்புக்கு முன்னாடி, நல்ல எண்ணம் காட்டறதுக்காகக் கொஞ்சம் பேர விடறது வழக்கம். அதுல இவங்க பேர் எல்லாம் வர்ற மாதிரி பார்க்கறோம். ஆனா அவங்களா மனசு வெச்சு விட்டாங்கன்னு இருக்கணும். நாம விட வெச்சோம்னு ஊருக்குத் தெரிஞ்சா விட மாட்டாங்க. நாமளும் அப்படித்தான்."

பிறகு என்னைப் பார்த்தார். "சார், இப்ப அவர் ஃபைல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு. இன்ஜின் ரிப்பேராகி எல்லை தாண்டி வந்த தொழிலாளி. அவ்ளோதான். அந்த ஃபைல் அப்படியே ஒல்லியா இருக்கட்டும். டிவிக்காரங்க வந்தா பேசாதீங்க. எது எழுதறதா இருந்தாலும் எங்கிட்ட குடுங்க. எங்கிட்ட மட்டும்."

நான் தலையாட்டினேன். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எனக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கழித்து நம் தூதரகத்து ஆள் சிறையில் போய் அவனைப் பார்த்தார். நன்றாக இருக்கிறானாம். பாப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா என்று கேட்டானாம். அந்த அம்மா இதைத் தொலைபேசியில் சொன்னபோது அரசாங்கக் கடிதத்தைப் படிப்பது போலவே படித்தார். பல் விஷயத்தையும் அதே குரலில் படித்தார். அன்று நம் வீட்டில் பாயசம் வைத்தது நினைவிருக்கிறதா?

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அந்த அம்மாவைக் கூப்பிடுவேன். "பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு சார்" என்பார். உடனே சித்தி என்னைக் கூப்பிடுவாள். "இன்னா மாமா சொன்னாங்க?" நான் "பேசிக்கினு கீறாங்களாம்மா" என்பேன். அவள் "ஓ" என்று வைத்துவிடுவாள். வாரம் போகப் போக அந்த "ஓ" சின்னதாகிக்கொண்டே வந்தது.

எங்கள் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மெஷின்காரர் சங்கத்தில் இருப்பவர். அவரிடம் சொன்னேன்.

"பேசறாங்களாமா?" என்றார். "கேண்டீன் வடைக்கும்தான் எட்டு வருசமா பேசறாங்க மச்சான். வட மாறிச்சா? தட்டாத ஃபைலு தூங்கும். நீ மனு போடு. மனு போட்டுத்தான நீ எல்லாம் வாங்குன?"

அது உண்மைதான். மனு எழுதுவதில் எனக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர் உண்டு. நம் வீட்டுக் கூரை ஒழுகியதைச் சரிசெய்ய வைத்தது மனு. பின் தெருவில் விளக்குப் போட வைத்தது மனு. தொழிற்சாலையில் எங்களுக்குப் பழக்கப்பட்ட முறை ஒன்று இருக்கிறது. மேலே இடது பக்கம் பெயர், டோக்கன் எண், செக்‌ஷன், எத்தனை வருட சேவை, என்ன வேலை. நாம் யார் என்று முதலில் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேட்பதற்கு மரியாதை. அதன் பிறகு பொருள், பார்வை, குறை. கடைசியில் நகல் பட்டியல். மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி, அவருக்கும் மேலே இருப்பவர். ஒருத்தர் கண்டுகொள்ளாவிட்டால் இன்னொருத்தர் கேட்பார் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். தம்பி என்னைக் கிண்டல் செய்வான். "தெருவுல பைப்பு ஒடஞ்சாலே டெல்லிக்கு ஒரு நகல் போடற ஆளு அண்ணாத்தே நீ. ஒருநாள் சாமிக்கே போடப் போற."

நாலு பக்கம் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். ஆவடி மார்க்கெட் பக்கம் டைப் அடிக்கும் கடையில் கொடுத்தபோது அந்தப் பெண் மூன்றாவது பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் பத்தி மட்டும் இப்போதும் மனப்பாடம். "நாட்டின் எல்லையைக் காக்கும் கவச வண்டிகளை உருவாக்கும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உண்மையாக உழைத்து வரும் தொழிலாளியாகிய நான், என் உடன்பிறந்த தம்பிக்காகக் கண்ணீருடன் எழுதிக்கொள்வது." அதன் கீழே டோக்கன் எண். எந்த எல்லை, அந்த வண்டிகள் யாரைப் பார்த்து நிற்கின்றன என்று நான் யோசிக்கவில்லை. தினமும் பார்க்கிற வேலை. எனக்கு அது வெல்டிங், கிரைண்டிங், அளவு பார்ப்பது.

நகல் ஆறு, எல்லாம் நம் அரசாங்கத்துக்கு. பக்கத்து மெஷின்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார். ஏழாவதை நான் சேர்த்தேன். டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம்.

"அவனுங்களுக்கா?" என்றார் அவர். "எதுக்கு மச்சான்?"

"அங்க மட்டும் மனுசன் இல்லையா? அவங்க ஊர்லயும் தொழிலாளி இருப்பான் இல்ல? அண்ணன்காரன் ஒருத்தன் எழுதறான்னு படிச்சா மனசு எறங்காதா?"

"அது சரி" என்று அவர் தலையைச் சொறிந்தார். "உன் தம்பி, நீ பாரு."

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "எங்கிட்ட மட்டும்" என்று அந்த அம்மா சொன்னது நினைவில் இருந்தது. அவர் ஒருத்தர்தானே, மேசையில் எத்தனை ஃபைலோ, என் தம்பி ஃபைல் எதற்கு அடியில் கிடக்கிறதோ என்று நினைத்தேன். சத்தம் இல்லாத இடத்தில் வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் வேலை செய்யும் இடத்தில் சத்தம் நின்றால் வேலை நின்றது என்று அர்த்தம்.

பத்து நாளில் ஒப்புகை அட்டை ஒன்று திரும்பி வந்தது. அந்தத் தூதரகத்தின் முத்திரையோடு. நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே திருநின்றவூர் போனேன். "பாரும்மா, வாங்கிக்கினாங்க" என்று சித்தியிடம் காட்டினேன். அவள் முகத்தில் பல வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அட்டையை வாங்கி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள்.

ஒரு மாதம் போனது. அந்த அம்மா என்னைத் தனியாக வரச் சொன்னார். மேசையில் என் மனுவின் நகல் இருந்தது. அந்த நாட்டுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு அவரிடம் வந்திருந்தது.

"இத நீங்க அனுப்பினீங்களா சார்?"

"ஆமாங்க மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார், "உங்க தம்பி விசாரணைல உங்களப் பத்தி என்ன சொல்லியிருக்கார்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அண்ணன் அம்பத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார்னு சொல்லியிருக்கார்."

எனக்குப் புரியவில்லை. "பட்டறையா? எனக்கு ஏதுங்க பட்டறை? அவனுக்கு யார் அப்டி சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். அவரா யோசிச்சிருக்கார்."

ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தம்பி, யாரும் இல்லாத ஊரில், பாஷை தெரியாத ஆட்களுக்கு நடுவில், நான் என்ன செய்கிறேன் என்பதை மறைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் நாலு பக்கத்தில் டோக்கன் எண்ணோடு எழுதி அவன் பொய் சொன்னான் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டேன்.

"இப்ப அவங்க ஒரே கேள்வி கேக்கறாங்க" என்றார். "மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஏன் மறைச்சார்? ஃபைல் கடலோரக் காவல்கிட்ட இருந்து வேற இடத்துக்குப் போயிடுச்சு. அங்க இருந்து எடுக்கறது கஷ்டம்."

"நான் வேணா ஒண்ணு பண்றேன் மேடம். எல்லாத்தையும் விளக்கி இன்னொரு லெட்டர்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வேணாம் சார். தயவு செஞ்சு."

வீட்டில் உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள் அம்மா. "வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க." நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

மந்திரிகள் மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு, அந்த அம்மா சொன்னபடியே, அந்த நாடு நம் ஆட்களில் கொஞ்சம் பேரை விடுதலை செய்தது. நாமும் அவர்கள் மீனவர்களை விட்டோம். அன்று சித்தியும் பாப்பாவும் நம் வீட்டில் இருந்தார்கள். அவன் பெயர் பட்டியலில் இல்லை என்று எனக்கு முந்தின நாளே தெரியும். சித்தியிடமும் அதை மட்டும் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவள் வந்திருந்தாள், பட்டியலில் தவறு இருக்கும் என்று. எல்லைக் கதவு திறந்து ஒவ்வொருத்தராக நடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். படகில் அவனோடு இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினீர்கள். பாப்பா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எங்கப்பா லாஸ்ட்டு" என்றாள். கதவைச் சாத்தியதையும் காட்டினார்கள்.

வந்தவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர், படகில் சமையல் செய்தவர். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரத்தில் திருநின்றவூருக்குத் தேடி வந்தார். நானும் போயிருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சித்தி கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்கதான் அவருக்க அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஒருநா அவர மட்டும் கூட்டிட்டுப் போனாவ. சாயங்காலம் கொண்டாந்து விட்டாவ. வந்து சிரிச்சாரு பாத்துக்கிடுங்க. எங்கண்ணன் லெட்டர் போட்டிருக்கு, கீழ ஏழு நகல், ஏழாவது இவனுங்களுக்குன்னு. பைப்பு ஒடஞ்சாலே டெல்லிக்குப் போடற ஆளுன்னாரு. நாங்களும் சேந்து சிரிச்சோம். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல." காபியைக் கீழே வைத்தார். "பொறவு ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. நான் உருட்டிக் குடுத்தும் வேண்டாம்னுட்டாரு."

சித்தி எழுந்தாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த ஒப்புகை அட்டையை எடுத்தாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். என்னிடம் நீட்டி, "இத நீங்களே வெச்சிக்கங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். வந்தவருக்குச் சாப்பாடு போட்டாள். எனக்கும் போட்டாள்.

அவனைத் தனியாக மீட்க அந்த அம்மா முயற்சி செய்துகொண்டுதான் இருந்தார். தூதரகத்து ஆள் இன்னும் ஒருமுறை போய்ப் பார்த்தார். பிறகு எல்லையில் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். அந்தத் தூதரை நாம் திருப்பி அனுப்பினோம், அவர்கள் நம் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் நீ கை தட்டினாய்.

நீ தட்டியதில் உன் தவறு எதுவும் இல்லை. நம் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் அன்று தட்டினார்கள், சத்தம் கேட்டது. ஆனால் எனக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி கேட்டது. நம் தூதரகத்தில் ஆட்கள் பாதியானால் சிறைக்கு யார் போவார்கள்? அவனிடம் பல் விழுந்தது பற்றி யார் சொல்வார்கள்? பிடிக்காதவனோடு எதற்குப் பேச வேண்டும், நாலு போடு போட வேண்டியதுதானே என்று நானும் டீக்கடையில் பேசியிருக்கிறேன். பேசுவது கையாலாகாதவன் வேலை என்று நினைத்தவன்தான். அவனை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்ற எனக்கு, அந்தப் பேச்சு ஒன்றுதான் அவன் இருந்த அறைக்குப் போய்வந்த வழி. அதை இழுத்துச் சாத்தியதற்கு என் பிள்ளை கை தட்டினான். யாரை அறைய வேண்டுமோ அவனை அறைய முடியாமல் உன்னை அறைந்தேன். அவன் கண்ணாடியில்தான் இருந்தான்.

பெரியவளே, உன் சமூக அறிவியல் புத்தகத்தில் நாடுகள் பகையானாலும் மூன்றாவது நாடு ஒன்றின் மூலம் தொடர்பு வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருக்கிறது. நீ அதை மனப்பாடம் செய்தபோது நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அது உண்மை. அவனுக்கு மஞ்சள் காமாலை என்ற செய்தி அப்படித்தான் வந்தது. வேறொரு நாட்டுத் தூதரகம் எழுதி, டெல்லி படித்து, அந்த அம்மா என்னிடம் சொன்னார். அந்த நாட்டு மீனவர் ஒருவர், வயதானவர், நம் சிறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இரண்டு நோயாளிகளையும் ஒரே நாளில் அவரவர் ஊருக்கு அனுப்பலாம் என்று பேச்சு தொடங்கியது. கேள்வி போகும், பதில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஆனது. சித்தியிடம் நேராகப் பேச எனக்கு முகம் இல்லை. அம்மா போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

அந்தப் பேச்சு முடியவில்லை. அதற்குள் அவன் முடிந்துவிட்டான்.

அந்தக் கிழவரை நம்மவர்கள் அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அப்படி அனுப்பியதால்தான் அவன் உடல் சீக்கிரம் கிடைத்தது என்று பிற்பாடு சொன்னார்கள். மற்ற நேரமாக இருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்குமாம்.

உங்களை வீட்டில் விட்டுவிட்டு விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் பக்கம் காலையிலேயே போனோம். உங்கள் அம்மா, சித்தி, நான், பக்கத்து மெஷின்காரர். அந்த அதிகாரி அம்மாவும் வந்திருந்தார். வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒரு ஓரமாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் அந்த நாட்டு எழுத்து, மூன்றாவது நாட்டு முத்திரை, நம் முத்திரை மூன்றும் இருந்தன. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தி அழாமல் அந்த அம்மாவிடம் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த லெட்டர் போகாம இருந்தா, மத்தவங்களோட அவரும் வந்திருப்பாரா?"

அந்த அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். சித்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனை மேசைகளில் எத்தனை பேருக்கு முன்னால் அப்படி நிதானமாகப் பார்த்திருப்பாரோ.

"அத சொல்ல முடியாதும்மா" என்றார். "அப்ப சூழ்நிலை சரியில்ல. ரெண்டு பக்கமும் பல காரணம் இருந்தது."

எனக்கு விளங்கிவிட்டது. என் தம்பியை மீட்க அவர் கற்று வைத்திருந்த பேச்சை இப்போது எனக்காகப் பயன்படுத்துகிறார். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக ஒரு வழி விடுகிறார். நான் பேசாமல் இருந்தால் போதும்.

சித்திக்கும் விளங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்க மாமா. நீங்க சொல்லுங்க."

பக்கத்து மெஷின்காரர் என் தோளைப் பிடித்தார். அம்மா "இப்ப எதுக்குடி அதெல்லாம்" என்று ஆரம்பித்தாள். சித்தி கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருப்பாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பெட்டியை வண்டியில் ஏற்றியதும் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பின்னால், அவனோடு உட்கார்ந்தேன்.